“இந்த வண்டியின் இயல்பே அதுதான்” என்ற பதில்

புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் கார் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது உதறுகிறது என்று சர்வீஸ் சென்டரில் சொல்பவருக்குக் கிடைக்கும் முதல் பதில், “இந்த கியர்பாக்ஸ் அப்படித்தான் சார் இருக்கும், போகப் போகப் பழகிவிடும்” என்பதுதான். இரண்டாம் முறை போனால், பிரேக்கிலிருந்து காலை எப்படி எடுக்க வேண்டும் என்று ஒரு சிறு வகுப்பு நடக்கும். மூன்றாம் முறை மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். வண்டி சில வாரங்கள் ஒழுங்காக ஓடும், பிறகு மீண்டும் உதறும். எஞ்சின், கியர்பாக்ஸ் கோளாறுகள் தொடர்பான வழக்குகளையும் விசாரணைகளையும் ஆர்வத்தோடு படித்துவருபவன் என்ற முறையில், பழுது ஏற்பட்டது என்ற செய்தி எனக்கு வியப்பளிப்பதில்லை. வாடிக்கையாளர் சொல்லும் குறை உண்மையானது என்று நிறுவனத்துக்குள் தெரிந்திருந்த காலத்திலேயே, அதே குறை கவுன்ட்டரில் அவருடைய ஓட்டும் பழக்கமாக மாற்றிச் சொல்லப்பட்டது என்பதுதான் வியப்பளிக்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ். கெட்ராக் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட இந்த ஆறு வேக கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச்சுகள் உண்டு. ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய கியர்களை ஒரு கிளட்ச்சும், இரண்டு, நான்கு, ஆறு ஆகியவற்றையும் ரிவர்ஸையும் மற்றொரு கிளட்ச்சும் கவனித்துக்கொள்ளும். ஒரு கியரில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியர் தயாராக நிற்பதால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். எஞ்சினின் விசையைத் திரவத்தின் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் வீணாகும் ஆற்றலும் மிச்சமாகும். எரிபொருள் சிக்கனத்துக்காகவே கார் நிறுவனங்கள் இந்த வகையை நாடின. இரட்டைக் கிளட்ச் என்ற எண்ணத்தில் எந்தக் குற்றமும் இல்லை. இன்றைக்கும் பல நல்ல வண்டிகளில் அது ஒழுங்காக வேலை செய்கிறது.

சிக்கல், கிளட்ச்சுகள் உலர்ந்தவையாக இருந்ததில் தொடங்கியது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சில் உராய்வால் எழும் வெப்பத்தை எண்ணெய் எடுத்துச் சென்றுவிடும். உலர் கிளட்ச்சில் அந்த வசதி இல்லை. நெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கணினி கிளட்ச்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும் நகர்த்துகிறது; மேனுவல் வண்டியில் அரைக் கிளட்ச்சிலேயே காலை வைத்து ஓட்டுபவரை மெக்கானிக் திட்டுவாரே, அதே வேலையை இங்கே கணினி நாள் முழுவதும் செய்கிறது. இதோடு, உள்ளே வரும் தண்டைச் சுற்றியுள்ள சீல்கள் கசிந்து, உலர்ந்தே இருக்க வேண்டிய கிளட்ச் பரப்பில் எண்ணெய் படிந்தது. எண்ணெய் பட்ட கிளட்ச் சீராகப் பிடிக்காது, வழுக்கிப் பிடித்து வழுக்கிப் பிடித்து வண்டியையே உதற வைக்கும். மூன்றாவது கோளாறு மின்னணு சார்ந்தது. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் டிசிஎம் என்ற பெட்டி கியர்பாக்ஸின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தது. வெப்பத்திலும் அதிர்விலும் அதன் பலகையில் இருந்த ஈயப்பற்று இணைப்புகள் விரிசல் விட்டன. உதறல் எரிச்சலூட்டுவது. டிசிஎம் கைவிட்டால் வண்டி சாலை நடுவிலேயே இழுவையை இழக்கும், அல்லது நிறுத்திய இடத்திலிருந்து கிளம்பவே கிளம்பாது.

அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரையிலான ஃபியஸ்டா கார்களிலும், 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸ் கார்களிலும் இந்த கியர்பாக்ஸ் இருந்தது. அவற்றை வாங்கியவர்களின் சார்பில் நடந்த கூட்டு வழக்கின் வரம்புக்குள் சுமார் 19 லட்சம் பேர் வந்தார்கள். அங்கே அரசு கட்டாயத் திரும்பப்பெறுதலுக்கு உத்தரவிடவில்லை. நிறுவனமே ‘வாடிக்கையாளர் திருப்தித் திட்டம்’ என்ற பெயரில் கிளட்ச்சுக்கும் சீலுக்கும் 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வரையிலும், டிசிஎம் பெட்டிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வரையிலும் உத்தரவாதத்தை நீட்டித்தது. பெயரைக் கேட்டால் பரிசளிப்பு விழா போலத் தோன்றும். உண்மையில், ஒரே வண்டிக்குத் திரும்பத் திரும்பக் கிளட்ச் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளும் ஆவணம் அது. புதிதாகப் போட்ட கிளட்ச்சும் பழையதைப் போலவே உதறத் தொடங்கியது என்பதுதான் பல உரிமையாளர்களின் கோபத்துக்குக் காரணம். வண்டி விற்பனைக்கு வருவதற்கு முன்பே பொறியாளர்கள் இந்த கியர்பாக்ஸைப் பற்றி எச்சரித்திருந்தார்கள் என்று, உள் ஆவணங்களை ஆதாரமாகக் காட்டி ‘டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்’ நாளிதழ் 2019 ஜூலையில் எழுதியது.

ஆனால் நிறுவனம் பேசிய விதத்தைச் சட்டத்தின் முன் நிறுத்தியது ஆஸ்திரேலியாதான். அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2017-இல் ஃபோர்டு ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடர்ந்தது. 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, கியர்பாக்ஸ் பழுதுக்காக அபராதம் விதிக்கப்படவில்லை என்பது. 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரையிலான சுமார் பத்து மாதங்களில், குறை சொல்லி வந்தவர்களை நிறுவனம் நடத்திய விதத்துக்காகவே அது விதிக்கப்பட்டது. உதறல் தரக்குறைபாட்டின் அறிகுறி என்று தெரிந்திருந்தும், அது உங்கள் ஓட்டும் முறையால் வருவது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு மறுக்கப்பட்டது. மாற்று வண்டி வேண்டுமென்றால் கையிலிருந்து கணிசமான தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டுக்கு உரிமையாளரின் விசுவாசத்தைப் பாராட்டும் பெயர் ஒன்றைச் சூட்டியிருந்தார்கள். அப்படித் திரும்பி வந்த வண்டிகள், அவற்றில் அறியப்பட்ட குறை இருக்கிறது என்று சொல்லப்படாமலேயே வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டன என்பதுதான் எனக்கு இந்த விவகாரத்திலேயே மிக மோசமான பகுதியாகப் படுகிறது. முதல் உரிமையாளருக்காவது புலம்ப ஒரு வாசல் இருந்தது. இரண்டாமவர் அந்த வாசலுக்கு வெளியே நின்றார்.

ஆஸ்திரேலிய உரிமையாளர்களின் கூட்டு வழக்கு இதற்குத் தனியாக நடந்தது. 2021-இல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி பெர்ரம் சீல் கசிவையும், கிளட்ச் பரப்பின் குறைபாட்டையும், டிசிஎம் இணைப்புகளின் விரிசலையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அந்த வண்டிகள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்றும், வாங்கும்போதே அவற்றின் மதிப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது என்றும் முடிவு செய்தார். மேல்முறையீடுகள் தொடர்ந்தன, மதிப்புக் குறைவை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி 2024 நவம்பரில்தான் அந்நாட்டின் உச்ச நிலையிலுள்ள நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. தாய்லாந்திலும் சுமார் 300 உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2018-இல் இழப்பீடு வழங்க உத்தரவானது. மூன்று கண்டங்களில், வேறு வேறு தட்பவெப்பத்தில், வேறு வேறு சாலைகளில் ஓட்டிய இத்தனை பேருக்கும் ஒரே தவறான ஓட்டும் பழக்கம் வாய்த்திருந்தது என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

உதறும் கியர்பாக்ஸ் பர்ஸைக் கடிக்கும், நிம்மதியைக் கெடுக்கும். ஓடும்போதே இறுகிப்போகும் எஞ்சின் உயிருக்கே ஆபத்து. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 என்ற எஞ்சின் குடும்பம் அந்த வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் அலபாமா ஆலையில் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டைக் கடைந்து துளையிட்டபோது உதிர்ந்த உலோகத் துகள்கள், அதன் எண்ணெய் வழிகளிலிருந்து முழுமையாக அகற்றப்படாமல் தங்கிவிட்டன என்று நிறுவனம் 2015 செப்டம்பரில் விளக்கம் கொடுத்து, 2011, 2012 ஆண்டுகளின் சொனாட்டா கார்களில் சுமார் 4,70,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் உலோகமும் உலோகமும் உரசாமல் காக்கிறது. துகள் அடைத்து எண்ணெய் வரத்துக் குறைந்தால் பேரிங் தேயும், டக் டக்கென்று சத்தம் எழும், கவனிக்காவிட்டால் எஞ்சின் சீஸ் ஆகும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ராட் உடைந்து எஞ்சின் பிளாக்கைத் துளைத்தால் வெளியேறும் எண்ணெய் சூடான பாகங்களில் பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும்.

இங்கே உரிமையாளர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. “ஆயில் மாற்றியதற்கு ரசீது எங்கே?” எஞ்சின் ஆயில் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ பேரிங் தேய்வது இயல்புதான் என்பதால் இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எனினும், ஆலையிலேயே துகள் தங்கிய எஞ்சினுக்கும் ரசீதைக் காட்டினால்தான் உத்தரவாதம் என்று சொல்லும்போது, சான்று தேடும் சுமை முழுவதும் வாடிக்கையாளர் தலையில் ஏறிவிடுகிறது. வீட்டு வாசலில் தானே ஆயில் மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களிடமும், இரண்டாம் கையாக வாங்கியவர்களிடமும் ரசீது எப்படி இருக்கும்?

ஆயிரக்கணக்கான உரிமையாளர்களின் புலம்பல் செய்யாததை இந்த விவகாரத்தில் ஒரு பொறியாளர் செய்தார். ஹூண்டாயில் கால் நூற்றாண்டு பணியாற்றிய கிம் குவாங்-ஹோ, நிறுவனம் குறைபாட்டின் அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்ற முடிவுக்கு வந்து, 2016-இல் உள் ஆவணங்களோடு வாஷிங்டனுக்குச் சென்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் முறையிட்டார். நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. 2017-இல் இரு நிறுவனங்களும் அமெரிக்காவில் மேலும் சுமார் 12 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. சரியான நேரத்தில் திரும்ப அழைக்கவில்லை, கொடுத்த தகவல்களும் சரியாக இல்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் 2020 நவம்பரில் ஹூண்டாய் 14 கோடி டாலர், கியா 7 கோடி டாலர் மதிப்புள்ள தண்டனை உடன்பாட்டை ஏற்றன. அதில் உடனே ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது இரண்டும் சேர்ந்து 8.1 கோடி டாலர். மீதி, பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டிய செலவும் ஒத்திவைக்கப்பட்ட அபராதமும். அந்த 8.1 கோடியில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 30 விழுக்காட்டை, அதாவது 2.4 கோடி டாலருக்கும் மேலான தொகையை, 2021-இல் கிம்முக்கு அமெரிக்க அரசு பரிசாக அளித்தது. வாகனப் பாதுகாப்புத் தொடர்பாக அந்நாடு அளித்த முதல் பரிசு அதுவே.

உரிமையாளர்களுக்கும் கடைசியில் ஓரளவு நியாயம் கிடைத்தது. எஞ்சினின் அதிர்வை உணரும் நாக் சென்சாரைக் கொண்டே பேரிங் தேய்மானத்தை முன்கூட்டிக் கண்டுபிடித்து, வண்டியின் வேகத்தைக் குறைத்து எச்சரிக்கும் மென்பொருளை நிறுவனங்கள் பொருத்தின. 2019-இல் எட்டிய சமரசத்தின்படி எஞ்சினின் அடிப்பகுதிக்கு ஆயுட்கால உத்தரவாதமும் வந்தது. அறிவார்ந்த ஏற்பாடு என்றே சொல்வேன். காது கேட்கும் சத்தத்தை “எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே” என்று சொன்னவர்களின் இடத்தில், பொய் சொல்லத் தெரியாத ஒரு சென்சார் வந்து உட்கார்ந்தது.

இனி நம் பக்கம். ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையில் தயாராகி 2013-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எக்கோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்ததும் அதே பவர்ஷிஃப்ட் குடும்பத்து கியர்பாக்ஸ்தான். ஆஸ்திரேலிய வழக்கின் பட்டியலிலும் எக்கோஸ்போர்ட்டின் பெயர் உண்டு. 2017-இல் வந்த மாற்றத்தின்போது அதை விட்டுவிட்டு டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு நிறுவனம் மாறியது. இங்கே அபராதமும் இல்லை, 30 விழுக்காடும் இல்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகு, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸைவிட உதிரிபாகத்தைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார்கள்.

நம் சட்டம் காலியாக இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் ஏற்படும் பாதிப்புக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்ற கருத்தை முதன்முறையாகத் தனி அத்தியாயமாகச் சேர்த்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் முறையிட்டால் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பார்ப்பது சுற்றுச்சூழலுக்கோ ஆட்களுக்கோ தீங்கு விளைவிக்கும் குறைகளை மட்டுமே. வெறும் உதறல் அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், இது உற்பத்திக் குறைபாடு என்பதற்கு நிபுணர் அறிக்கை எங்கே என்று கேட்பார்கள். அறிக்கை கிடைத்தாலும், குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான் உத்தரவாதத்தின் கடமை, முழு வண்டியையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று மாருதி தொடர்பான வழக்கொன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எதிர்த்தரப்பின் முதல் மேற்கோளாக வருகிறது. பெரிய குறை என்றால் பணமா மாற்று வண்டியா என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்ற ஆஸ்திரேலியச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

ஆகவே நம் ஊரில் வழக்கின் தலைவிதி, வழக்கு தொடங்குவதற்கு வெகு முன்பே, சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் எழுதப்படும் ஒரு வரியில் முடிவாகிவிடுகிறது. என் மைத்துனரின் ஆட்டோமேட்டிக் காருக்கு (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) இந்தத் தொல்லை வந்தபோது நானும் உடன் போயிருந்தேன். “சார், ஸ்கேன் பண்ணிப் பார்த்தாச்சு, எரர் கோட் எதுவும் இல்லை” என்றார் சர்வீஸ் அட்வைசர். “கோட் இல்லாட்டி போகட்டும் தம்பி, சாயங்காலம் டிராஃபிக்ல என்கூட ஒரு ரவுண்டு வாங்க” என்றார் மைத்துனர். இளைஞர் வந்தார், வண்டி உதறியது, அவரும் ஒப்புக்கொண்டார். திரும்பி வந்து ஜாப் கார்டில் அவர் எழுதத் தொடங்கியது ‘ஜெனரல் செக்கப்’ என்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உத்தரவாதக் கோரிக்கைகளின் எண்ணிக்கை அவர் தலைக்கு மேலே இருப்பவர்களின் கணக்கில் எப்படிப் பதிவாகும் என்பது அவருக்குத் தெரியும். ‘வண்டி சூடான பின், முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறல், ஓட்டிப் பார்த்து உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதும்வரை மைத்துனர் சாவியைக் கொடுக்கவில்லை.

அந்த ஒரு வரி இருந்தால், உத்தரவாதம் முடிந்த பிறகு கியர்பாக்ஸ் முழுவதுமாகப் படுத்தாலும், குறை உத்தரவாதக் காலத்திலேயே தொடங்கிவிட்டது என்று காட்ட முடியும். இல்லாவிட்டால், அதுவரை பேசிய எல்லாப் பேச்சும் காற்றோடு போகும். மென்பொருளை மட்டும் புதுப்பித்துக் கொடுத்தாலும் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, என்ன காரணத்துக்காக என்று எழுதி வாங்க வேண்டும். பழுதான பாகத்தை மாற்றினால் பழையதைப் பார்க்கக் கேட்க வேண்டும், எண்ணெய் படிந்த கிளட்ச்சைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். ஆயில் மாற்றிய ரசீதைப் பத்திரப்படுத்துவது பற்றித் தீட்டா கதையே போதிய பாடம் நடத்திவிட்டது. வாட்ஸாப்பில் பேசுவதைவிட மின்னஞ்சலில் எழுதுவது மேல். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம் என்பதை, “அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்” என்று சொல்பவர்கள் நமக்கு நினைவூட்டப் போவதில்லை.

இரண்டாம் கையாக வாங்குவோருக்கு இந்தக் காகிதங்களில் எதுவும் கைக்கு வராது என்பதால் அவர்கள் பாடு இன்னும் கடினம். உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டியைக் காலையில் குளிர்ந்த நிலையில், காலியான சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை. கோளாறு சூட்டில்தான் முகம் காட்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு, நெரிசலிலும் ஒரு மேம்பால ஏற்றத்திலும் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்து நகர்த்திப் பார்க்க வேண்டும். அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, கிளட்ச்சும் டிசிஎம் பெட்டியும் எப்போது மாற்றப்பட்டன என்ற பதிவை விற்பவரையே எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம்.